முட்டி ஆப்பரேஷனுக்கு அப்புறம் நடந்தால் மட்டும் போதாது

எங்கள் ஊர்ப் பக்கம் யாருக்காவது முட்டியில் ஆப்பரேஷன் என்றால், பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே யோசனைதான் சொல்வார்கள்: "கொஞ்சம் கொஞ்சமா நடந்து பழகுங்க, தானா சரியாயிடும்." அன்பாகச் சொல்வதுதான். ஆனால் முட்டிக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் ஏசிஎல் நார் அறுந்து, அந்த இடத்தில் புது நார் வைத்த முட்டிக்கு இது போதாது. நடந்தால் நடை வரும். தொடை இழந்த பலம் நடையால் திரும்பாது. அதற்குச் சுமை வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போகிற சுமை. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்பூட்டில் இருந்துகொண்டு, பள்ளிக்கூட வேலையையும் பார்த்துக்கொண்டு, அந்தச் சுமையை எப்படி ஏற்றினேன் என்பதைத்தான் எழுதுகிறேன். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் தாமான் என்னும் குடியிருப்புகளிலும் காற்பந்து, வலைப்பந்து, கபடி ஆடி முட்டியைக் கெடுத்துக்கொண்டு, "இனி விளையாட்டு அவ்வளவுதான்" என்று உட்கார்ந்துவிட்ட பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அடிபட்டது ஆசிரியர்களுக்கான வலைப்பந்துப் போட்டியில். யாரும் என்மேல் மோதவில்லை. தலைக்கு மேல் வந்த பந்தைத் தாவிப் பிடித்து இடது காலில் இறங்கினேன். முட்டி உள்பக்கமாகச் சாய்ந்தது, டப்பென்று ஒரு சத்தம், கீழே விழுந்துவிட்டேன். வலைப்பந்து ஆடியவர்களுக்குத் தெரியும்: பந்தைப் பிடித்த பிறகு ஓட முடியாது, இறங்கிய இடத்திலேயே நின்றாக வேண்டும். ஓடி வந்த வேகம் மொத்தத்தையும் ஒரே முட்டி தாங்க வேண்டியிருக்கிறது. ஏசிஎல் அறுவது பெரும்பாலும் இப்படித்தான், யாரும் இடிக்காமல், இறங்கும்போதோ திரும்பும்போதோ. ஒரே விளையாட்டை ஆடினாலும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

சத்தம் கேட்டு, ஓரிரண்டு மணி நேரத்துக்குள் முட்டி வீங்கினால், உள்ளே ரத்தம் கசிகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அப்படி வீங்கிய முட்டியைக் கட்டாயம் டாக்டரிடம் காட்ட வேண்டும். அன்று இரவே எங்கள் வீட்டில், சுளுக்கு எடுக்கும் தாத்தாவைக் கூப்பிடலாமா என்று பேச்சு வந்தது. தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் அவர் போன்றவர்கள்மேல் மரியாதை உண்டு, எனக்கும் உண்டு. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புதிதாக அடிபட்டு வீங்கிய மூட்டை எண்ணெய் போட்டு உருவினால் ரத்தக் கசிவு கூடும். எலும்பில் விரிசல் இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். ஐஸ் வைத்து, கட்டுத்துணி சுற்றி, காலை உயர்த்திப் படுத்துக்கொண்டேன். மறுநாள் டாக்டர் முட்டியை லேசாக மடக்கி, கீழ்க்காலை முன்பக்கம் இழுத்துப் பார்த்தார். நல்ல காலில் ஓரிடத்தில் டக்கென்று நின்றது. அடிபட்ட கால் நிற்காமல் முன்னால் வந்தது. எம்ஆர்ஐ அதை உறுதிப்படுத்தியது.

அரசு மருத்துவமனையில் நிபுணர் கிளினிக்குக்கு 5 வெள்ளி (ரிங்கிட்) தான். பணத்தைவிடப் பெரிய செலவு காத்திருக்கும் காலம்தான். அந்தக் காலத்தை வீணாக்க வேண்டியதில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று: ஏசிஎல் அறுந்த எல்லாருக்கும் ஆப்பரேஷன் தேவைப்படாது. 2010-இல் வெளியான சுவீடன் ஆய்வு ஒன்றில் 121 இளையவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சீக்கிரமே ஆப்பரேஷன், பயிற்சி. மற்றப் பிரிவுக்கு முதலில் பயிற்சி மட்டும், அப்புறமும் முட்டி நிலைக்காவிட்டால்தான் ஆப்பரேஷன். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது இரு பிரிவினருக்கும் முட்டியின் நிலைமை ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் பிரிவில் பாதிப் பேருக்கு மேல் அதுவரை ஆப்பரேஷனே தேவைப்படவில்லை. ஆகவே கத்திக்கு அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து. எனக்கோ, கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பும்போதே முட்டி நழுவியது. அப்படி நழுவிக்கொண்டே இருந்தால் உள்ளே இருக்கும் குருத்தெலும்பும் சேர்ந்து கெடும். மறுபடி ஆட வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. டாக்டரோடு பேசி முடிவு செய்தோம்.

சரி, காத்திருந்த காலத்துக்கு வருவோம். ஈப்போவில் என்னைப் பார்த்த பிசியோ (இயன்முறை மருத்துவர்) ஓர் இளைஞர், நம் தமிழ்ப்பிள்ளை. முதல் நாளே அவர் சொன்னது: "டீச்சர், வீங்கின முட்டியோட, மடங்கின காலோட ஆப்பரேஷன் மேசைக்குப் போகாதீங்க. நேரா நீட்டி, தொடையை இறுக்கத் தெரிஞ்ச காலோட போங்க." முட்டி விறைத்திருக்கும்போது ஆப்பரேஷன் செய்தால், பிறகு அந்த விறைப்பை எடுப்பது பெரும்பாடு. அதனால் வீக்கம் வற்றும்வரை ஐஸ், முட்டியை முழுசாக நீட்டப் பழகுவது, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, நிறுத்தி வைத்த சைக்கிளில் மிதிப்பது என்று வேலை கொடுத்தார். உள்ளே போகும்போது எவ்வளவு பலத்தோடு போகிறோமோ, வெளியே வரும்போது அவ்வளவுக்குச் சிரமம் குறையும்.

ஆப்பரேஷனில் என் பின்தொடையின் உள்பக்கத்திலிருந்து இரண்டு தசைநாண்களை எடுத்து, மடித்துத் தடிப்பாக்கி, எலும்பில் துளை போட்டு உள்ளே செலுத்திப் பொருத்தினார்கள். சிலருக்கு முட்டிச் சில்லுக்குக் கீழே உள்ள நாணை எடுப்பார்கள், சிலருக்கு அதற்கு மேலே உள்ளதை. எதை எடுத்தாலும் எடுத்த இடமும் ஒரு காயம்தான், அதையும் பலப்படுத்த வேண்டும். தழும்புக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு எனக்குத் தொடு உணர்ச்சியே இல்லை. தோலுக்கான சின்ன நரம்பு வெட்டுப்படுவதால் வருவது, பலருக்கும் இருக்கும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் பயம் வராது.

முதல் இரண்டு வாரத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பார்க்க வேண்டும் என்றால், முட்டி முழுசாக நீள்கிறதா என்று பாருங்கள். மடக்கம் பிறகும் வரும். நீட்டம் போய்விட்டால் திரும்பப் பிடிப்பது கடினம், காலம் முழுக்கக் கெந்தி நடக்க வேண்டியதாகிவிடும். இதற்குப் பெரிய எதிரி தலையணை. பார்க்க வருகிற ஒவ்வொரு அத்தையும் பாவமே என்று முட்டிக்கு அடியில் ஒரு தலையணையைச் செருகுவார். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் முட்டி மடங்கியபடியே இறுகும். துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைக்க வேண்டும், முட்டிக்கு அடியில் எதுவும் இருக்கக் கூடாது. அப்படியே பத்து நிமிடம் விட்டால் முட்டி தன் எடையிலேயே கீழே இறங்கும். வலிக்கும். ஒரு நாளில் பல தடவை செய்ய வேண்டும்.

அடுத்தது தொடையின் முன்தசை. படுத்தபடி காலை நீட்டி, தொடையை இறுக்கு என்றார் பிசியோ. இறுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. வலது தொடையில் சில்லுக்கு மேலே தசை திரண்டு, சில்லு மேலே நகர்ந்தது. இடது தொடை மாவுபோல் கிடந்தது, கையை வைத்து அழுத்தினால் விரல் உள்ளே போனது. என் கால், என் பேச்சைக் கேட்கவில்லை. அந்த அதிர்ச்சியை எழுத்தில் சொல்ல முடியாது. மூட்டுக்குள் வீக்கம் இருக்கும்வரை நரம்பு அந்தத் தசையை அடக்கி வைக்கிறது, தசை செத்துவிடவில்லை என்று பிசியோ விளக்கிய பிறகுதான் மூச்சு வந்தது. நல்ல காலையும் சேர்த்து இறுக்குவது, விரலால் தசையைத் தட்டிக்கொண்டே இறுக்குவது, மின்தூண்டல் பட்டையை ஒட்டிக்கொண்டு இறுக்குவது என்று விடாமல் செய்ததில் ஒரு நாள் தசை லேசாகத் துடித்தது. முட்டி மடங்காமல் காலை நேராகத் தூக்க வந்த பிறகுதான் பிரேஸ் என்னும் முட்டிக் கவசத்தையும் தொங்காட்டையும் (ஊன்றுகோல்) விடலாம் என்றார்.

வீட்டு விஷயம் ஒன்றும் சொல்ல வேண்டும். அம்மா வீடு பழைய தோட்டத்து வீடு, குந்தி உட்காரும் கழிப்பறைதான். முதல் சில மாதங்களுக்கு அது ஆகவே ஆகாது. மேலே வைக்கிற துளை போட்ட நாற்காலி ஒன்றை ஆப்பரேஷனுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். கெண்டைக்கால் வீங்கி, சூடாகி, அழுத்தினால் வலித்தாலோ, காய்ச்சல் வந்து தையலில் நீர் கசிந்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ நேராக எமர்ஜென்சிக்குப் போக வேண்டும், அடுத்த அப்பாயின்ட்மெண்ட் வரை காத்திருக்கக் கூடாது.

அப்புறம் வருவதுதான் ஏமாற்றும் காலம். வீக்கம் குறைந்து, நடை சீராகி, பார்க்கிறவர்கள் "நல்லாயிட்டீங்களே டீச்சர்" என்று சொல்லும் நேரம். உள்ளே நிலவரம் வேறு. எடுத்து வைத்த நாண் முதலில் ரத்த ஓட்டமில்லாமல் பலம் இழக்கிறது. புது ரத்தக் குழாய்கள் வளர்ந்த பிறகுதான் மெதுவாக நாராக மாறத் தொடங்குகிறது. ஏறக்குறைய ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை அது மிகவும் பலவீனமாக இருக்கும். தோட்டத்து நர்சரியில் ஒட்டுக் கட்டிய ரப்பர் கன்று பச்சையாகத்தான் நிற்கும், அதற்காக ஒட்டு பிடித்துக்கொண்டதா என்று யாரும் இழுத்துப் பார்ப்பதில்லை. அப்படித்தான் இதுவும். கோயில் திருவிழாவுக்குப் பால்குடம் எடுக்கச் சொன்னார்கள், அடுத்த வருடம் என்று சொல்லிவிட்டேன். ஈரத் தரை, கூட்டம், வெறுங்கால், திடீர் திருப்பம், இவை எல்லாம் அந்த வாரங்களுக்கு ஆகாது. இடது கால் என்பதால் ஆட்டோ கியர் கார் ஓட்ட டாக்டர் சீக்கிரமே அனுமதித்தார். மோட்டார் சைக்கிளில் கியர் போடுவது இடது கால்தானே, அதற்கு நிறையக் காலம் ஆனது.

பலப்பயிற்சிக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம்மவர்கள் கைவிடுவது இங்கேதான்.

முதல் விஷயம், ஒற்றைக் காலில் செய்ய வேண்டும். இரண்டு காலையும் ஊன்றிக் குந்தினால் நல்ல கால் வேலையைப் பிடுங்கிக்கொள்ளும், நமக்குத் தெரியவே தெரியாது. பிசியோ இரண்டு எடை மெஷின்களைப் போட்டு, ஒவ்வொன்றின்மேலும் ஒரு காலை வைத்துக் குந்தச் சொன்னார். சமமாக ஊன்றியிருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். முள்ளைப் பார்த்தால் வலது பக்கம் வெகுதூரம் தள்ளி நின்றது. வீட்டில் எடை மெஷின் இருந்தால் நீங்களும் செய்து பார்க்கலாம், பிடித்துக்கொள்ள ஒரு நாற்காலி மட்டும் பக்கத்தில் இருக்கட்டும்.

இரண்டாவது, சுமை உண்மையான சுமையாக இருக்க வேண்டும். முதலில் வீட்டு வாசற்படியில் ஒற்றைக் காலால் ஏறி, மூன்று எண்ணி மெதுவாக இறங்கினேன். அது சுலபமானதும், பிள்ளையின் பள்ளிப் பையில் 5 கிலோ அரிசிப் பாக்கெட்டைப் போட்டு மாட்டிக்கொண்டேன், பிறகு 10 கிலோ. எட்டு முதல் பன்னிரண்டு தடவை, மூன்று சுற்று. கடைசி இரண்டு தடவை பல்லைக் கடிக்க வேண்டும். முடித்துவிட்டு இன்னும் பத்துத் தடவை செய்யலாம்போல் இருந்தால் எடை போதவில்லை என்று பொருள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், வாரத்துக்கு மூன்று தடவைக்கு மேல் வேண்டாம், தசை வளர்வது ஓய்வில்தான். நீட்டிப் பழகுவது மட்டும் தினமும்.

வீட்டிலேயே எவ்வளவு தூரம் போக முடியுமோ போனேன். அதற்குமேல் கடைவீதி மாடியில் இருக்கும் சின்ன ஜிம்மில் மாதப் பணம் கட்டிச் சேர்ந்தேன். காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ், பின்தொடைக்கு மடக்கும் மெஷின், முன்தொடைக்கு நீட்டும் மெஷின், கெண்டைக்காலுக்குக் குதி எழுப்புதல், இடுப்புக்குத் தரையிலிருந்து எடையைத் தூக்கும் டெட்லிஃப்ட். உட்கார்ந்தபடி முட்டியை நீட்டும் அந்த மெஷினைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். எப்போது, எவ்வளவு மடக்கத்திலிருந்து தொடங்கலாம் என்பதைப் பிசியோதான் சொல்ல வேண்டும். எனக்கு முதலில் 90 டிகிரியிலிருந்து 45 வரை மட்டும்தான் அனுமதி, பிறகு முழுசாக. அதை அடியோடு ஒதுக்கிவிடுவதை நான் ஏற்கமாட்டேன். குந்தும்போதும் லெக் பிரஸிலும் இடுப்பு உதவிக்கு வந்துவிடும். முன்தொடை தனியாக உழைக்கிறதா என்று காட்டிக்கொடுப்பது அந்த மெஷின்தான்.

மூன்றாவது, எவ்வளவு ஏற்றலாம் என்பதை முட்டியே சொல்லும். பயிற்சியின்போது வலி பத்துக்கு மூன்றைத் தாண்டக் கூடாது. மறுநாள் காலையில் படுக்கையில் உட்கார்ந்து, காலை நீட்டி, சில்லின் உள்பக்கக் குழியைக் கீழிருந்து மேலாகச் சில தடவை தடவி வெறுமையாக்குவேன். பிறகு வெளிப்பக்கம் மேலிருந்து கீழாக ஒரு தடவு. உள்பக்கக் குழி மெதுவாக நிறைந்து மேடாகிறதா? அப்படியானால் நேற்றைய சுமை அதிகம், அன்று இறக்கிவிடுவேன். ஒன்றும் எழும்பவில்லையென்றால் அடுத்த தடவை கொஞ்சம் கூட்டலாம். இதற்கு ஸ்கேன் வேண்டாம், பணம் வேண்டாம். பிசியோ கற்றுக்கொடுத்ததில் எனக்கு மிகவும் பயன்பட்டது இதுதான்.

"பொம்பளைக்கு எதுக்கு எடை தூக்குற வேலை, கர்ப்பப்பை இறங்கிடும்" என்று எச்சரித்தவர்கள் உண்டு. அவர்களுக்கு என் அம்மாவே பதில் சொன்னார். "நாங்க காண்டாவாளியில பாலைச் சுமந்துகிட்டு மேடும் பள்ளமுமா ஏறி இறங்கினப்போ யாரும் வந்து இதச் சொல்லலையே." தோளில் கம்பு வைத்து இரு பக்கமும் ரப்பர்ப் பால் வாளியைத் தொங்கவிட்டுச் சுமந்த, பால்மரம் வெட்டிய தலைமுறைப் பெண்களின் கால் பலம் எப்படி வந்தது என்று யோசித்துப் பார்த்தால் போதும். புதிதாகப் பிரசவமானவர்களோ கர்ப்பப்பைப் பிரச்சினை உள்ளவர்களோ டாக்டரைக் கேட்டுவிட்டு மெதுவாகத் தொடங்குவது சரி. மற்றபடி பெண் என்பதற்காக எடையை ஒதுக்குவது தவறு. நமக்குத்தான் அது இன்னும் அவசியம்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆப்பரேஷன் ஆன வீட்டில் ஹாருவான் மீன் சூப் கட்டாயம். விரால்தான் அது, நல்ல புரதம், தாராளமாகக் குடியுங்கள். ஆனால் முட்டை ஆகாது, கோழி ஆகாது, புண் சீழ் வைக்கும் என்று பத்தியம் போடுவார்கள். ஒவ்வாமை இல்லாதவர்களுக்கு இந்தப் பத்தியம் கெடுதல்தான் செய்யும், தசை கட்டத் தேவையானதே அதில்தான் இருக்கிறது. பலப்பயிற்சி செய்கிறவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் அளவில் புரதம் நல்லது என்பார்கள். 60 கிலோ எடை என்றால் நாளுக்கு நூறு கிராமை ஒட்டி வரும். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான். ஆகவே காலையில் இரண்டு முட்டை, மதியம் மீனோ கோழியோ, சாயந்திரம் அவித்த கொண்டைக்கடலை, இரவு தெம்பே (புளிக்கவைத்த சோயா) என்று பிரித்துக்கொண்டேன். நம் சாப்பாட்டில் சோறும் ரொட்டி சானாயும்தான் தட்டை அடைத்துக்கொள்கின்றன. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

மறுபடி எப்போது ஆடலாம்? நாள்காட்டியும் வேண்டும், சோதனையும் வேண்டும். ஒன்று மட்டும் போதாது. 2016-இல் வெளியான நார்வே, அமெரிக்கக் கூட்டு ஆய்வில், ஒன்பது மாதம் வரை ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும் மறுபடி முட்டியில் அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஒன்பது மாதத்துக்கு முன்னால் போட்டியில் இறங்கச் சொல்லும் பயிற்றுநர் யாராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். அடுத்த மாதம் லீக் இறுதியாட்டம் இருக்கலாம், பையனின் முட்டி அதைவிடப் பெரிது.

சோதனை என்பது இரண்டு காலையும் ஒப்பிடுவது. பூப்பந்து மைதானத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, ஒற்றைக் காலில் குதித்து, அதே காலில் ஆடாமல் நிற்க வேண்டும். நல்ல கால் 120 செ.மீ. போனால் ஆப்பரேஷன் கால் 108-ஆவது போக வேண்டும், அதாவது 90 சதவீதம். ஒரே தாவல், தொடர்ந்து மூன்று தாவல், கோட்டைக் குறுக்கே தாண்டித் தாண்டி மூன்று, ஆறு மீட்டரை எவ்வளவு வேகத்தில் கடக்கிறோம் என்று நான்கு வகை உண்டு. தூரம் சமமாக வந்தாலும் ஏமாந்துவிடக் கூடாது. இடுப்பையும் கணுக்காலையும் வைத்துச் சமாளித்துத் தூரம் போய்விடலாம், முன்தொடை அப்போதும் பலவீனமாக இருக்கும். அதனால் ஒற்றைக் கால் நீட்டும் மெஷினிலும் 90 சதவீதம் வர வேண்டும். இன்னொன்று, மாதக்கணக்கில் ஆடாததால் நல்ல காலும் மெலிந்திருக்கும். அதையும் சேர்த்து வளர்த்துவிட்டு ஒப்பிடுவதுதான் நேர்மையான கணக்கு.

பயம் தனி விஷயம். எண்கள் எல்லாம் சரியாக வந்த பிறகும், பந்தைத் தாவிப் பிடித்து அந்தக் காலில் இறங்க மனம் ஒத்துக்கொள்ளவில்லை. பிசியோ அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தாழ்ந்த பலகையிலிருந்து இறங்குவது, பிறகு பந்தோடு, பிறகு ஒருவர் தோளில் லேசாக இடிக்கும்போது இறங்குவது என்று படிப்படியாகக் கொண்டுபோனார். முட்டி பழகிய அளவுக்கு மனசும் பழக வேண்டும் என்பது உண்மை, அதற்கு நேரம் கொடுங்கள்.

இப்போது பள்ளியில் வலைப்பந்துக் குழு என் பொறுப்பில் இருக்கிறது. காற்பந்துக்கென்று வந்த ஃபிஃபா 11+ என்னும் உடல் சூடேற்றும் பயிற்சி இருபது நிமிடம்தான் பிடிக்கும், பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஓட்டம், பலகைபோல் உடலைத் தாங்குவது, முழங்காலில் நின்று மெதுவாக முன்னால் சாய்வது, ஒற்றைக் காலில் சமநிலை, குதித்து இறங்குவது எல்லாம் அதில் அடங்கும். எங்கள் பிள்ளைகளுக்கு அதோடு இறங்கும் பயிற்சியைக் கூட்டியிருக்கிறேன். நீளப் பெஞ்சிலிருந்து ஒவ்வொருத்தியாகக் குதிப்பாள், இன்னொருத்தி எதிரே நின்று கைப்பேசியில் படம் பிடிப்பாள். மெதுவாக ஓட்டிப் பார்த்தால் முட்டி கால் பெருவிரலைத் தாண்டி உள்ளே சாய்கிறதா என்று அவர்களே கண்டுபிடிக்கிறார்கள். சாய்ந்தால் இடுப்பைப் பின்னால் தள்ளி, முட்டியை மடக்கி, சத்தமில்லாமல் இறங்கு என்று மறுபடி குதிக்க வைப்பேன். வாரம் இரண்டு நாள், பந்தைத் தொடுவதற்கு முன்னால். மழை பெய்தால் மண்டபத்தில் செய்கிறோம்.